பட்டமும் தராதரப் பத்திரமும்

கல்வியென்றால் பட்டம், பட்டமென்றால் அரசாங்க உத்தியோகம் என்னும் எண்ணம் எம்மவர் உள்ளத்தில் ஆழ வேரூன்றியிருக்கின்றது. பல்கலைக்கழகம் புகும் பிள்ளைக்கு எமது கிளிவெட்டி மாலை சூட்டி மகிழும். மின்னிணைப்பு வேலை கற்றுத் தராதரப் பத்திரத்தோடு வரும் பிள்ளையையோ, "ஏன் தம்பி, சோதனை சரிவரவில்லையோ?" என்று கேட்கும். இவ்விரண்டில் எது பெரிது என்று வாதாடுமுன், கிழக்கிலங்கை ஈன்ற பெரியார் ஒருவர் படிப்படியாகக் கற்ற வரலாற்றை ஆராய்வது நலமென எண்ணுகின்றோம்.

சுவாமி விபுலாநந்தரை அறியாதார் நம்மிடையே இலர். ஆயினும் அவர் பெற்ற தராதரங்கள் எவை, எந்த ஒழுங்கில் வந்தன என்பதைப் பலர் அறியார். 1892ஆம் ஆண்டு காரைதீவிற் பிறந்த மயில்வாகனன், மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிற் படித்து, 1908இல் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் தேறினார். (மிஷன் பாடசாலையிற் படித்த எமக்கு இதில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டென்பதை மறைக்க வேண்டியதில்லை.) பின்னர் கொழும்பு ஆசிரிய கலாசாலையிற் பயின்று, 1912இல் பயிற்றப்பட்ட ஆசிரியரானார். அதன்பின் கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியிற் சேர்ந்து, 1916இல் விஞ்ஞான டிப்ளோமா பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டித பரீட்சையிலும் தேறினார். இருபத்துநான்கு வயதில் அவர் கையில் இருந்தவை ஆசிரியத் தொழிலுக்கு ஒன்று, விஞ்ஞானத்துக்கு ஒன்று, தமிழுக்கு ஒன்று என மூன்று தராதரப் பத்திரங்களே. பட்டம் ஒன்றேனும் இல்லை.

அந்நாளில் இலங்கையிற் பட்டம் வழங்கும் பல்கலைக்கழகம் இருக்கவில்லை. அது 1942இலேயே தோன்றிற்று. எனவே பட்டம் விரும்பிய ஏழை ஆசிரியருக்கு இருந்த வழி, சீமைக்குச் செல்லாமலே இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைக்குத் தோற்றுவதுதான். மயில்வாகனனாரும் அவ்வழியே சென்றார். 1917 முதல் யாழ்ப்பாணம் அர்ச். பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டே படித்து, 1920இல் பி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபருமானார். விஞ்ஞானத்தை டிப்ளோமாவுக்காக முன்னமே கற்றிருந்தார். வகுப்பிலே கற்பித்தும் வந்தார். அவ்வறிவுக்கு உலகம் மதிக்கும் முத்திரை 1920இலேதான் விழுந்தது.

துறவு பூண்டபின் நிகழ்ந்தது இன்னும் சிந்திக்கத்தக்கது. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அடிகளாரைத் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகமும் தன் முதல் தமிழ்ப் பேராசிரியராக அவரையே அமர்த்திற்று. அவரது பட்டமோ விஞ்ஞானப் பட்டம். தமிழில் அவரிடம் இருந்தது மதுரைச் சங்கத்தின் பண்டிதப் பத்திரம் ஒன்றே! பட்டதாரிகளை ஆக்கும் இரு பல்கலைக்கழகங்களின் தமிழ்ப் பீடத்தில் ஒரு சங்கப் பண்டிதர் வீற்றிருந்தார்.

ஆயினும் ஒருபக்கமாய்ப் பேசுதல் முறையன்று. பி.எஸ்ஸி. என்னும் எழுத்துக்கள் பெயரின் பின்னே இல்லாதிருப்பின், பண்டித மயில்வாகனனாரை அப்பீடங்களுக்கு அழைத்திருப்பார்களா? அரிதென்றே நினைக்கின்றோம். உ. வே. சாமிநாதையர் பட்டமின்றியே 1880இற் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார் என்பது உண்மை. ஆனால் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தது 1932இலேயே. அப்போது அவர் எழுபத்தேழு வயது முதியவர். கற்றவரை உடனே கண்டுகொள்ளும் கண் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அக்குறையை நிரப்பவே பட்டம் வேண்டியிருக்கிறது. பட்டத்தின் பெறுமதியை நாம் இவ்வளவில் ஒப்புக்கொள்கின்றோம்.

அடிகளாரின் பெருநூலைப் பார்த்தாலோ, எப்பத்திரம் எங்கே உதவிற்று என்று பிரிக்க முடியவில்லை. சிலப்பதிகார அரங்கேற்று காதையைத் துருவி ஆராயப் பண்டிதப் புலமை வேண்டும். யாழ் நரம்பின் நீளத்தையும் சுருதியையும் கணக்கிட விஞ்ஞானமும் கணிதமும் வேண்டும். இரண்டும் ஒருங்கே அமைந்த "யாழ் நூல்" 1947 யூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறிற்று. அடுத்த மாதம் 19ஆம் நாள் அடிகளார் மறைந்தார்.

இனி எமது காலத்துக்கு வருவோம். 2017இல் கிழக்கு மாகாணப் பட்டதாரிகள் வேலை கேட்டு நாட்கணக்காக வீதியோரத்தில் அமர்ந்திருந்தனர். அவர்கள் கல்வியைக் குறைகூற நாம் யார்? பட்டத்தோடு ஒரு தொழிற் பத்திரமும் சேர்ந்திருந்தால் காத்திருக்கும் காலத்திலேனும் கைக்கு வேலை இருந்திருக்குமே என்பதே எம் வருத்தம். இன்று இலங்கையில் தேசிய தொழிற் தகைமை ஏழு படிகளாக வகுக்கப்பட்டுள்ளது. ஐந்தாம், ஆறாம் படிகள் டிப்ளோமா. ஏழாம் படி பட்டத்துக்குச் சமம். இவ்வழியே வருவோர்க்கெனத் தொழில்நுட்பவியற் பல்கலைக்கழகம் ஒன்றையும் 2008ஆம் ஆண்டுச் சட்டம் நிறுவிற்று. தராதரப் பத்திரத்திற் தொடங்கிப் பட்டம்வரை செல்ல அடிகளாருக்குக் கடல் கடந்த இலண்டனின் பரீட்சை வேண்டியிருந்தது. எம் தம்பி தங்கையருக்கு அவ்வழி இந்நாட்டிலேயே உண்டு. எமது ஊர்ப் பெற்றோருள் எத்தனை பேர் இதனை அறிவார்கள்?