ஒரு நாயின் விலை 24 ரூபாய்!

ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் ஒரு நிலவறை ரெஸ்டாரன்ட் இருக்கிறது. பெயர் ‘டென் யில்டெனே ஃப்ரீடன்’. வாயில் நுழையவில்லையா? பரவாயில்லை... அர்த்தம் அழகானது. ‘பொன்னான சமாதானம்’!

ரஷ்யாவோடு இருபத்தோரு வருஷம் சண்டை போட்டுக் களைத்துப்போன ஸ்வீடன், 1721-ல் ஒருவழியாகச் சமாதானம் செய்துகொண்டது. மறுவருஷமே, அந்த நிம்மதியைப் பெயராகச் சூட்டிக்கொண்டு இந்தக் கடை திறந்தது. மூன்று நூற்றாண்டுகள் ஓடிவிட்டன. இன்றும் அதே வளைவுக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து நீங்கள் ஹெர்ரிங் மீன் சாப்பிடலாம். இலக்கியத்துக்கு நோபல் பரிசு கொடுக்கிறதே ஸ்வீடிஷ் அகாடமி, அதுதான் இப்போது சொந்தக்காரர். வியாழக்கிழமையானால் உறுப்பினர்களுக்கு இங்கேதான் ராச்சாப்பாடு. அந்த ஊர் சமையலில் பருவம்தான் ராஜா. ஆகஸ்ட்டில் நன்னீர் நண்டு வகை, இலையுதிர் காலத்தில் காட்டுக் காளான் என்று மாதத்துக்கு ஒரு தட்டு.

சரி, நம்ம பாண்டிச்சேரிக்கு வருவோம்.

வாய்க்காலுக்குக் கிழக்கே, மஞ்சள் சுவரும் உயரமான ஜன்னலுமாக நிற்கிற பழைய வீடுகள் பல இன்று ரெஸ்டாரன்ட்டுகள். உங்களில் பலர் அங்கே முற்றத்து மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பீர்கள். கடலோர ஊர் என்பதால் நிலவறையெல்லாம் எதிர்பார்க்கக் கூடாது. இங்கே முற்றமும் தாழ்வாரமும்தான் விசேஷம். ‘‘இது எத்தனை வருஷத்து வீடுங்க?’’ என்று கேட்டு, ‘‘முந்நூறு இருக்கும் சார்’’ என்று பதில் வந்தால், சிரித்துக்கொண்டே தலையாட்டுங்கள். நம்பிவிடாதீர்கள்! ஸ்டாக்ஹோமில் அந்தக் கடை திறந்த 1722-ல் புதுச்சேரியும் கோட்டை, கடைத்தெரு, நெசவாளர் வீதி என்று ஜோராகத்தான் இருந்தது. ஆனால், அந்தப் புதுச்சேரியின் சுவர் ஒன்றை இன்று தொட்டுப் பார்ப்பது லேசில் நடக்காது.

ஏன்?

இதற்கும் ஸ்வீடனுக்கும்கூட ஒரு சின்னத் தொடர்பு உண்டு. 1733-ல் ‘ராணி உல்ரிகா எலியனோரா’ என்ற ஸ்வீடன் கப்பல் நம்ம பரங்கிப்பேட்டைக்கு வந்து சரக்கு இறக்கிக் கடை விரித்தது. ‘புதுசா ஒரு போட்டியா?’ என்று சென்னை ஆங்கிலேயரும் புதுச்சேரி பிரெஞ்சுக்காரரும் கைகோத்துக்கொண்டு போய் அந்தப் பண்டகசாலையைத் தாக்கிப் பறித்துவிட்டார்கள். மூன்றாமவனை விரட்டுவதற்கு மட்டும் அவ்வளவு ஒற்றுமை! பிறகு அந்த இருவருமே ஒருவர் கழுத்தை ஒருவர் பிடித்தார்கள்.

1758-ல் பிரான்ஸிலிருந்து வந்து இறங்கினார் லாலி. வந்த வேகத்தில் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார். (இந்த இடிப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.) அடுத்து சென்னையை முற்றுகையிட்டார், முடியவில்லை. 1760 ஜனவரி 22-ம் தேதி வந்தவாசியில் ஐர் கூட்டிடம் தோற்றார். அந்த வருஷக் கடைசியில் புதுச்சேரியைச் சுற்றி நிலத்தில் கூட்டின் படை, கடலில் ஆங்கிலக் கப்பல்கள். உள்ளே நெல் வர வழியில்லை.

நவம்பர் கடைசியில் லாலி ஒரு முடிவெடுத்தார். சண்டைக்கு உதவாத வாய்களை வெளியே அனுப்பு! பெரிய துரைமார் வீட்டு வேலைக்காரர்கள் சிலருக்கு மட்டும் விலக்கு. (சமைத்துப் போட ஆள் வேண்டுமே!) மற்றபடி ஆண், பெண், குழந்தை என்று சுமார் 1,400 நம் ஜனங்கள் மதிலுக்கு வெளியே தள்ளப்பட்டார்கள். ஆங்கிலப் படை அவர்களைத் திருப்பி விரட்டியது. திரும்பி ஓடினால் கோட்டைக் கதவு திறக்கவில்லை. இரண்டு படைகளுக்கும் நடுவில், மழைக்காலத்து வெட்டவெளியில் எட்டு நாட்கள். அவர்கள் புல்லின் வேரைப் பிடுங்கித் தின்றார்கள். கடைசியில்தான் கூட் மனமிரங்கி வழிவிட்டார். பிரெஞ்சு இந்தியாவின் வீரதீரக் கதைகளில் துப்ளேயும் லாலியும் பக்கம் பக்கமாக வருவார்கள். இந்த 1,400 பேருக்குக் கிடைப்பது ஒரு வரி, இரண்டு வரி. அவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்கு வந்து சேரவில்லை.

உள்ளே இருந்தவர்கள் மட்டும் என்ன வாழ்ந்தார்கள்? யானை, குதிரை, ஒட்டகம் எல்லாம் அடுப்பேறின. ஒரு நாயின் கறி 24 ரூபாய்க்கு விலைபோனது! 1761 புத்தாண்டு அன்று பெரும்புயல் அடித்து ஆங்கிலக் கப்பல்கள் பலவற்றைச் சிதறடித்தது. ‘தப்பித்தோம்’ என்று ஊர் மூச்சுவிட்டது. ஒரு வாரம்தான்... கப்பல்கள் மறுபடி வரிசை கட்டி நின்றுவிட்டன. ஜனவரி 16-ல் புதுச்சேரி சரணடைந்தது.

அப்புறம் நடந்ததுதான் நம் கேள்விக்குப் பதில். கடலூர்க் கோட்டைக்குப் பழிவாங்க, புதுச்சேரியைக் கோட்டையும் மாளிகையுமாகத் தரைமட்டமாக்கினார்கள். லாலியை பிரான்ஸ் 1766-ல் தலையை வெட்டிக் கொன்றது. அது தனிக்கதை.

தப்பிய அபூர்வமான வீடுகளில் ஒன்று, பெரிய மார்க்கெட் பக்கம் இருக்கும் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை. 1736-லிருந்து நாட்குறிப்பு எழுதி, அந்தக் காலப் புதுச்சேரியை நமக்கு அப்படியே எடுத்துக்கொடுத்தாரே, அந்த துபாஷ்தான். கீழே நம்மூர்த் தூண்கள், மேலே பிரெஞ்சு பாணி. ஊர் விழுவதற்குச் சில நாட்கள் முன்பு, அதே ஜனவரியில் பிள்ளை கண்ணை மூடினார். அந்த மட்டுக்கும் அவர் புண்ணியவான். இடிபாட்டைப் பார்க்கவில்லை!

1763-ல் பாரிஸ் ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1765-ல் ஊர் திரும்பக் கிடைத்தது. லா தெ லொரிஸ்தோன் என்ற கவர்னர் பழைய வீதிக் கோடுகளின் மேலேயே புது ஊரை எழுப்பினார். பிறகும் ஆங்கிலேயர் இரண்டு தடவை பிடித்து, ஒருவழியாக 1816-ல்தான் விட்டார்கள். ஆக, இன்று நீங்கள் உட்கார்ந்து சாப்பிடும் ‘பாரம்பரிய’ வீடுகள் இதற்கெல்லாம் பிந்தியவை.

அப்படியானால் அந்த மேஜையில் உண்மையிலேயே பழசு எது? குழம்பில் மிதக்கிற தாளிப்புதான்!

பங்குனி, சித்திரை வெயிலில் நம் பாட்டிமார் போடுவார்களே, வெங்காய வடகம்... சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் நசுக்கி, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை சேர்த்துப் பிசைந்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, பகலெல்லாம் மொட்டை மாடியில் காயவைத்து, ராத்திரி எடுத்து வைத்து, மறுநாள் மறுபடி பிசைந்து உருட்டி... நாள் கணக்கில் நடக்கிற வேலை. ஸ்வீடனுக்குக் காளான் பருவம் என்றால் நமக்கு இது வடகப் பருவம். பேச்சில் அது ‘வடவம்’. பிரெஞ்சுக்காரன் நாக்கில் ‘வதுவான்’. எந்தக் கவர்னரும் உத்தரவு போட்டு இது அவர்கள் சமையலறைக்குள் போகவில்லை. நம்மூர்ச் சமையல்காரர் கையோடு போனது. துரைக்குக் காரம் ஆகாது என்று மிளகாயைக் குறைத்து, தேங்காய்ப் பாலைக் கூட்டி, எலுமிச்சை பிழிந்து இறக்கிய குழம்புகள் கிரியோல் சமையல் என்று ஒரு தனி வழியாயின.

அதைக் கட்டிக் காத்தவர்கள் பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்களும் கலப்புக் குடும்பங்களும்தான். 1881 ஆணைப்படி சொந்தச் சட்டத்தை விட்டு, பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்று, பிரெஞ்சுப் பெயர் வைத்துக்கொண்டவர்கள் இவர்களில் உண்டு. முள்கரண்டியும் ரசமும் ஒரே மேஜையில்! கிறிஸ்துமஸ் வந்தால் ரம்மில் ஊறிய திராட்சையும் ரவையும் போட்ட ‘விவிகம்’ கேக். 1954-ல் ஆட்சி கைமாறி, 1962-ல் அது சட்டப்படி முடிந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் பல. அடுத்தடுத்த தலைமுறை பிரான்ஸுக்குப் போனது. கைப்பக்குவம் காகிதத்தில் இருந்ததில்லை. பாட்டி போனால் பக்குவமும் போயிற்று.

வேடிக்கை என்னவென்றால், 2000-களின் கடைசியில் ஐரோப்பா, அமெரிக்காவின் பெரிய ஹோட்டல் சமையல்காரர்கள் இந்த வதுவானைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். ஆட்டுக்கறிக்கு வதுவான், காலிஃபிளவருக்கு வதுவான்! அவர்கள் மின்அடுப்பில் உலர்த்துகிறார்கள், பாவம். இங்கேயோ, வெயில் கொளுத்துகிற ஊரில், பழைய வீட்டு முற்றங்களில் பல இடங்களில் பீட்சாவும் பாஸ்தாவும்தான் ஓடுகின்றன.

பீட்சா மீது எனக்கு விரோதம் ஒன்றும் இல்லை. ஆனால், அடுத்த தடவை அங்கே உட்காரும்போது, ‘‘வடவம் போட்ட மீன் குழம்பு உண்டா?’’ என்று கேட்டுப் பாருங்களேன். இல்லையென்றால் வாய்க்காலைத் தாண்டி மேற்கே நடந்து, பெரிய மார்க்கெட்டில் தேடுங்கள். ரங்கப் பிள்ளை வீடு பக்கத்திலேயேதான் இருக்கிறது.