உழவாரமும் களைகொல்லியும்

யாழ்ப்பாணத்திலே புல்லைச் செருக்கும் கருவிக்கு உழவாரம் என்று பெயர். ஏழாம் நூற்றாண்டிலே திருநாவுக்கரசு நாயனார் கோயில் வீதிகளைத் திருத்தக் கையிற் கொண்ட படையும் உழவாரமே. தலைமுறை தலைமுறையாக வழங்கிவந்த அக்கருவியை, சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் இரசாயனக் களைகொல்லிகள் பின்தள்ளின.

1960களில் உலகச் சந்தைக்கு வந்த பரகுவாற், தான் பட்ட இலையைக் கருக்கியது. 1974இல் விற்பனைக்கு வந்த கிளைபோசேற்றோ இலைவழியே உட்புகுந்து, நிலத்தடி வேர்வரை சென்று களையை மாய்த்தது. கிழங்காற் பெருகும் கோரையோடும் தண்டாற் படரும் அறுகோடும் போராடிய தோட்டக்காரர் அதனைப் பெருந்துணையெனக் கொண்டதில் வியப்பில்லை.

ஆயினும் நஞ்சு நஞ்சே. பரகுவாற்றை அருந்தி மாண்டோர் பலராகவே, இலங்கை அரசு 2008க்கும் 2011க்கும் இடையில் அதனைப் படிப்படியாக விலக்கியது. வடமத்திய மாகாணத்தில் உழவரை வாட்டிய சிறுநீரக நோய்க்குக் கிளைபோசேற் காரணமாகலாம் என்ற ஐயத்தால், 2015இல் அதன் இறக்குமதி தடைசெய்யப்பட்டது; அவ்வையம் ஐயமாகவே இருந்தது, முடிபாக நிறுவப்படவில்லை. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடை தளர்ந்தது. 2021இல் இரசாயன உரங்களும் பீடைகொல்லிகளும் ஒருங்கே தடுக்கப்பட்டு, சில மாதங்களில் அத்தடை கைவிடப்பட்டது. 2022இல் கிளைபோசேற் மீதான தடையும் நீங்கியது.

தடை நீங்கினும் குடாநாட்டார் சிந்திக்கவேண்டியது ஒன்றுண்டு. இங்கே வற்றாத ஆறு இல்லை. குடிப்பதும் பாய்ச்சுவதும் பெரும்பாலும் கிணற்று நீரே. செம்மண்ணுக்குக் கீழே வெடிப்பும் துளையும் மலிந்த சுண்ணாம்புக்கல் கிடக்கிறது. மேலே இடுவனவற்றுள் நீரிற் கரைவன பல விரைவில் நிலத்தடி நீரைச் சேரக்கூடும். உரத்திலுள்ள நைத்திரேற்று கிணறுகளில் மிகுந்து காணப்படுவதே இதற்குச் சான்று.

ஆகவே மருந்தைத் தெரிவதற்கு முன் களையைத் தெரிதல் வேண்டும். விதையால் வரும் களையை விதை முற்றுமுன் அகற்றினாற் போதும். நடுகைக்கு முன் நீர் பாய்ச்சி, முளைத்தவற்றை உழவாரத்தாற் செருக்கிவிட்டால் பிற்பாடு வேலை பாதியாகும். பார்த்தீனியத்தைப் பூக்குமுன், கையுறை அணிந்து பிடுங்கவேண்டும்; அது தோலைப் புண்ணாக்கும். கோரையை மேலே செருக்கினால் மீண்டும் தழைக்கும். கோடையில் ஆழக் கொத்திக் கிழங்கை வெயிலிற் காயவிடுதலே வழி. அது நிழலுக்கும் அஞ்சும். நெருங்கி வளரும் பயிரின்கீழ் மெலியும். இத்தனைக்கும் அடங்காதவிடத்து, கிணற்றடியை விலக்கி, குறித்த அளவில் மருந்தை நாடலாம்.

உழைப்பு மிகுதியென்பது மெய்யே. ஆனால் உழைப்பின் கூலி ஒரு போகத்தோடு தீரும். கெட்ட கிணற்றின் கடனோ பிள்ளைகளையும் தொடரும்.