ஆதுலர் சாலை முதல் மருந்துக் கிடங்கு வரை

நோய் தீர்க்கும் முயற்சிக்கு நான்கு உறுப்புகள் உண்டென வள்ளுவப் பெருந்தகை மருந்து என்னும் அதிகாரத்தின் முடிவில் வகுத்துரைத்தார். நோயுற்றவன், தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிருந்து அதனை ஊட்டுவோன் என்பன அவை. இந்நான்கனுள் மருத்துவரின் திறமையைப் பற்றி நாம் பெருமையாகப் பேசுகிறோம். மருத்துவமனைக் கட்டடங்களைப் பற்றியும் பேசுகிறோம். மூன்றாம் உறுப்பாகிய மருந்து ஏழையின் கைக்கு எவ்வழியே வந்து சேர்கிறது, அதற்கு விலை கொடுப்பவர் யாவர் என்னும் வரலாறோ அரிதாகவே எழுதப்படுகிறது. யான் மருத்துவம் கற்றவன் அல்லேன். வரவையும் இருப்பையும் ஏட்டிற் பதிந்து காலங்கழிக்கும் ரயில்வே குமாஸ்தா. ஆயினும் இவ்வரலாற்றில் ஒரு பாதி மருத்துவர்களுடையதாயின் மறு பாதி கணக்கர்களுடையது. அத்துணிவு பற்றியே நம் சங்கத்தின் ஆண்டு மலரில் இதனை எழுதலானேன்.

காஞ்சிபுரத்தை அடுத்துப் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் திருமுக்கூடல் என்றோர் ஊர் உளது. அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் திருக்கோயிலில், வீரராசேந்திர சோழன் காலத்தில், அதாவது 11-ஆம் நூற்றாண்டில், பொறிக்கப்பெற்ற கல்வெட்டொன்று வீரசோழன் என்னும் பெயர் கொண்ட ஆதுலர் சாலை ஒன்றைக் குறிப்பிடுகிறது. ஆதுலர் என்போர் நோயாளர். அச்சாலையில் 15 படுக்கைகள் இருந்தன. மருத்துவர் ஒருவர், அறுவை செய்வார் ஒருவர், மூலிகை கொணர்ந்து மருந்து சமைப்போர், நோயாளர்க்குப் பணிவிடை புரியும் பெண்டிர், நாவிதர் ஆகிய அனைவர்க்கும் ஊதியம் வரையறுக்கப்பட்டிருந்தது. ஓராண்டுக்கு இருப்பில் வைத்திருக்க வேண்டிய ஏறத்தாழ 20 மருந்துகளின் பெயர்களும் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. ஈராயிரம் ஆண்டுப் பெருமை பேசும் நாம், மருந்து இருப்புப் பட்டியலைக் கல்லில் வெட்டி வைத்த இக்கணக்கர்களையும் சிறிது நினைத்தல் தகும்.

ஆனால் ஒன்றை மறைத்தலாகாது. அவ்வாதுலர் சாலை ஊரார் எல்லோர்க்கும் உரியதாக ஏற்பட்டதன்று. கோயிலைச் சார்ந்த கல்விச்சாலையிற் பயின்ற மாணவர்க்கும் கோயிற் பணியாளர்க்கும் என அமைந்தது அது. இவ்வாறு ஒரு வேலி கட்டி, அவ்வேலிக்குள் இருப்போர்க்கு மட்டும் மருத்துவம் அளிக்கும் வழக்கம் பின்னும் நெடுங்காலம் தொடர்ந்தது. 1664-இல் சென்னைக் கோட்டையில் ஆங்கிலக் கம்பெனியார் தொடங்கிய மருத்துவமனை, நோயுற்ற கம்பெனிச் சிப்பாய்களுக்கென எழுந்தது. இன்று சென்னை சென்டிரல் ரயில் நிலையத்தின் எதிரில் விளங்கும் பெரிய அரசு மருத்துவமனையின் தொடக்கம் அதுவே. இந்தியருக்கு அதன் கதவு திறந்தது 1842-ஆம் ஆண்டில்தான். வேலி விலகுவதற்கு 178 ஆண்டுகள் ஆயின.

வேலியை விலக்கும் பணியை அரசாங்கம் தன் கடமையாக ஏற்றுக்கொண்டது இருபதாம் நூற்றாண்டில். 1919-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின்படி மருத்துவமும் சுகாதாரமும் மாகாண மந்திரிகளின் பொறுப்பில் விடப்பட்டன. அதன் பயனாகப் பனகல் அரசர் முதன் மந்திரியாக இருந்த காலத்தில், நம் நாட்டு மருத்துவ முறைகளைக் கற்பிக்கும் அரசுப் பள்ளி சென்னையில் ஏற்பட்டது. 1939-இல் சென்னை மாகாணப் பொதுச் சுகாதாரச் சட்டம் நிறைவேறிற்று. நம் நாட்டில் இத்தகைய முழுமையான சட்டம் இயற்றிய முதல் மாகாணம் சென்னையே. குடிநீர், சாக்கடை, தொற்றுநோய், தாய்சேய் நலம் ஆகியவற்றை அது ஒரே சட்டத்தின் கீழ்க் கொணர்ந்தது. பிற்காலத்திலும் பொதுச் சுகாதாரத்திற்கெனத் தனித் துறையையும் தனி அதிகாரிகளையும் விடாது காத்துவந்த பெருமை தமிழ்நாட்டுக்கு உண்டு.

1943-இல் அமைக்கப்பெற்ற போர் கமிட்டி, பணமில்லை என்னும் காரணத்தால் எவர்க்கும் தக்க சிகிச்சை மறுக்கப்படலாகாது என்பதைத் தன் முதற் கொள்கையாகக் கொண்டு 1946-இல் அறிக்கை அளித்தது. அக்குழுவில் ஓர் உறுப்பினராக அமர்ந்தவர், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக நெடுங்காலம் விளங்கிய டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார். பின்னர் வந்த அரசியலமைப்புச் சட்டமும் பொதுச் சுகாதாரத்தையும் மருத்துவமனைகளையும் மாநிலப் பட்டியலிலேயே வைத்தது. ஆகவே இத்துறையில் ஒரு மாநிலம் முன்னேறுவதும் பின்தங்குவதும் பெரும்பாலும் அம்மாநில அரசின் முயற்சியைப் பொறுத்தனவாயின.

ஈண்டு நம் தில்லி வாழ்வை நோக்குவோம். தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டம் 1952-இல் கான்பூரிலும் தில்லியிலும் தொடங்கிற்று. மத்திய அரசு ஊழியர்க்குரிய சுகாதாரத் திட்டம் 1954-இல் இதே தில்லியில் தோன்றியது. ரயில்வே ஊழியராகிய எங்களுக்கோ பசந்த் லேனில் மருத்துவமனை உண்டு. இவையெல்லாம் நல்லனவே, இவற்றால் நம் காலனிக் குடும்பங்கள் பல கவலையின்றி வாழ்கின்றன. ஆயினும் இவையும் வேலிக்குள் அமைந்த ஆதுலர் சாலைகளே அன்றோ? நம் வீடுகளில் பாத்திரம் துலக்கும் அம்மையார், தெருமுனையில் இஸ்திரி போடுபவர், குடிசைப் பகுதிகளில் வாழ்ந்து கூலிவேலை செய்யும் நம் தமிழ்மக்கள் ஆகியோரிடம் இத்திட்டங்களின் அட்டை ஏது? ஊரில் உள்ள நம் பெற்றோருள்ளும் அட்டை இல்லாதார் பலர். மாதந்தோறும் நாம் ஊருக்கு அனுப்பும் பணத்தில் ஒரு பகுதி மருந்துக் கடைக்கே போகிறது என்பதை நம் இல்லத்தரசியர் நன்கறிவர்.

இந்நிலையில்தான் 1994-ஆம் ஆண்டு முக்கியம் பெறுகிறது. அதற்கு முன்னரும் அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம் என்பதே விதி. ஆனால் விதி ஏட்டில் இருக்க, மருந்து அலமாரியில் இல்லாமற்போவது வழக்கமாயிருந்தது. துறைதோறும் தனித்தனியே கொள்முதல் செய்தமையால் விலை மிகுந்தது. ஓரிடத்தில் வேண்டாத மருந்து குவிந்து காலாவதியாகும். மற்றோரிடத்தில் வேண்டிய மருந்து வாராது. நோயாளி சீட்டை வாங்கிக்கொண்டு வெளிக்கடைக்கு நடப்பார்.

இக்குறையைப் போக்கத் தமிழ்நாடு அரசு 1994 ஜூலையில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்னும் நிறுவனத்தை ஏற்படுத்தியது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் அது மருந்து வழங்கத் தலைப்பட்டது. அதன் முறையைச் சற்று விரித்துக் கூறுதல் நலம். சந்தையில் ஆயிரக்கணக்கான பெயர்களில் மருந்துகள் விற்கின்றன. ஒரே மருந்துக்குக் கம்பெனிதோறும் ஒரு பெயர், பெயர்தோறும் ஒரு விலை. கழகமோ கம்பெனிப் பெயர்களைத் தள்ளி, இன்றியமையா மருந்துகளை மட்டும் அவற்றின் மூலப்பெயரால் பட்டியலிட்டது. மாநிலம் முழுவதற்கும் வேண்டிய அளவைச் சேர்த்து ஒரே டெண்டர் விட்டது. டெண்டரில் உறைகள் இரண்டு. தயாரிப்பாளரின் தகுதியைக் காட்டும் உறையை முதலில் திறப்பர். அதில் தேறியவரது விலை உறையை மட்டுமே பின்பு திறப்பர்.

வாங்கிய மருந்து மாவட்டக் கிடங்குகளுக்குச் செல்லும். அங்கிருந்து மாதிரி எடுத்து, தயாரித்தவர் பெயரை மறைத்து, குறியெண் இட்டு ஆய்வுக்கூடத்திற்கு அனுப்புவர். தேறினாலன்றி அது மருத்துவமனைக்குப் போகாது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கும் ஒரு பாஸ்புத்தகம் உண்டு. அந்நிலையம் ஆண்டில் எவ்வளவு ரூபாய் மதிப்புள்ள மருந்து எடுக்கலாம் என்பது அதிற் குறிக்கப்பட்டிருக்கும். தன் ஊரில் எந்நோய் மிகுதியோ அதற்குரிய மருந்தை மருத்துவர் கேட்டுப் பெறலாம். எடுத்த மதிப்பு ஏட்டில் கழிக்கப்படும். அரசு வழங்கீடு, விற்பனைக்கன்று என்னும் எழுத்துகள் மாத்திரை அட்டையிலேயே அச்சிடப்பட்டமையால், அது வெளிக்கடைக்குப் போவதும் அரிதாயிற்று. கிடங்கு இருப்பு கணிப்பொறியில் ஏறியமையால், எம்மாவட்டத்தில் எது குறைகிறது என்பது சென்னையில் இருந்தவாறே தெரியலாயிற்று. இதில் வியத்தகு கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. ரயில்வே ஸ்டோர்ஸில் பணிபுரிந்த எவரும் உடனே விளங்கிக்கொள்ளும் முறையே இது. நேர்மையான டெண்டரும், பிசகாத இருப்பேடும், அரசாங்கத்தின் உறுதியும் ஒருங்கே கூடியமைதான் அரிது.

தில்லி வாசிகள் அறிந்து மகிழ வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அதே 1994-இல் தில்லி அரசும் தனக்கென மருந்துக் கொள்கை ஒன்றை வகுத்தது. பேராசிரியர் ரஞ்சித் ராய் சௌத்ரி என்னும் மருந்தியல் அறிஞரின் வழிகாட்டுதலில், இன்றியமையா மருந்துப் பட்டியலும் ஒருங்கு கொள்முதலும் இங்கும் ஏற்பட்டன. நாம் பிறந்த மாநிலமும் நாம் பிழைக்கும் நகரமும் ஓராண்டிலேயே ஒரு வழியில் அடியெடுத்து வைத்தன.

இதற்கு முன்னோடிகளும் உளர். உலக சுகாதார நிறுவனம் தன் முதல் இன்றியமையா மருந்துப் பட்டியலை வெளியிட்டது 1977-இல். அதற்கும் முன்னர், 1971-இல், இலங்கை அரசு மருந்துக் கூட்டுத்தாபனம் ஒன்றை நிறுவிப் பேராசிரியர் சேனக பிபிலேயை அதன் தலைவராக்கியது. கடல் கடந்த கனடாவிலோ, அந்நாளில் பத்து லட்சம் மக்களும் இல்லாதிருந்த சஸ்காட்செவன் என்னும் மாகாணம், 1947-இல் மருத்துவமனைச் செலவையும் 1962-இல் மருத்துவர் கட்டணத்தையும் பொதுக் காப்பீட்டில் ஏற்றுக்கொண்டது. அங்கு மருத்துவர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தும் அரசு பின்வாங்கவில்லை. 1966-இல் கனடா முழுமைக்கும் அவ்வழியில் சட்டம் வந்தது. ஒரு சிறு மாகாணம் ஏற்றிய விளக்கு நாடு முழுதும் பரவிற்று.

நம் நாட்டிலும் அவ்வாறே நிகழ்ந்தது. கேரளம் தமிழ்நாட்டைப் பின்பற்றித் தனக்கொரு கழகம் அமைத்தது; 2011 அக்டோபர் 2-ஆம் நாள் ராஜஸ்தான் அரசு மருத்துவமனைகளில் இலவச மருந்துத் திட்டம் தொடங்கியது. அவ்வாண்டே மத்தியத் திட்டக் கமிஷன் அமைத்த வல்லுநர் குழு, தமிழ்நாட்டு முறையைப் பிற மாநிலங்களுக்கும் பரிந்துரைத்தது.

எல்லாம் நிறைவுற்றன என்று கூறுவேன் அல்லேன். அரசு மருத்துவமனை வாயிலில் வரிசை இன்னும் நீளம். இருப்பு தீர்ந்துவிட்டது என்னும் சொல் இன்னும் சிற்சில வேளைகளிற் கேட்கிறது. 2009-இல் தமிழ்நாட்டில் வந்த காப்பீட்டுத் திட்டம் பெருஞ் சிகிச்சைகளுக்கு உதவிற்று. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் ஆயுள் முழுதும் உண்ண வேண்டிய மாத்திரைக்கு அது வழி செய்யவில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம் அம்மாத்திரையை வீட்டு வாயிலுக்கே கொண்டு சென்றது. அதற்கும் அடியில் நிற்பது 1994-இல் எழுந்த கிடங்கும் பாஸ்புத்தகமுமே. கிடங்கில் மருந்து இல்லையேல் வாயிலுக்கு வருபவர் வெறுங்கையராகவே வருவார்.

சங்கத்து அன்பர்கட்கு ஒரு விண்ணப்பம். நம் கையில் அட்டை இருக்கிறது. அட்டை இல்லாத நம்மவர் பலர் அருகிலேயே வாழ்கின்றனர். அவர்களுள் பலர்க்கு இந்தி எழுத்துப் படிக்க வாராது. எந்த அரசு மருத்துவமனையில் எந்நேரத்தில் சீட்டு வாங்குவது, மத்திய அரசின் மக்கள் மருந்தகம் எங்குளது என்பன தெரியா. ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம், எழுதப் படிக்கத் தெரிந்த இருவர் சங்கக் கட்டடத்தில் அமர்ந்து, விண்ணப்பம் எழுதிக் கொடுத்தும் வழி சொல்லியும் உதவலாம். மேசை ஒன்றும் பேரேடு ஒன்றும் போதும். பேரேட்டை எழுதும் பொறுப்பை யான் ஏற்றுக்கொள்கிறேன்.