படத்திற்கெனத் தனிப்பாட்டை: இல்லக் கணினியும் ஏ.ஜி.பி. வாயிலும்

1997ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே விற்பனைக்கு வந்த இல்லக் கணினிகளைத் திறந்து நோக்கியோர், அவற்றின் தாய்ப்பலகையிற் புதியதொரு செருகுவாயைக் கண்டனர். அதற்கு முன்னர் அப்பலகையில் இருந்த செருகுவாய்கள் பெரும்பாலும் கறுப்பு அல்லது வெள்ளை நிறத்தன. ஒரே வகையின பல அடுத்தடுத்து நிற்பன. புதியதோ கபில நிறத்தது; தனித்து நின்றது; பலகையொன்றுக்கு ஒன்றே உரியது. படம் வரையும் அட்டையைத் தவிர வேறெதனையும் அதிற் செருக இயலாது. ஆங்கில முதலெழுத்துகளால் ஏ.ஜி.பி. என வழங்கிய இதனை ‘விரைவூட்டிய வரைவியல் வாயில்’ எனத் தமிழிற் கூறலாம்.

இவ்வாயிலினால் இல்லக் கணினியின் படம் வரையுந் திறன் பெருகிற்று என்பது பொதுவாக நிலவும் கருத்து. அது பொய்யன்று. ஆயினும் எந்நோக்கத்தை முன்னிட்டு அது அமைக்கப்பட்டதோ அந்நோக்கம் பெரும்பாலும் நிறைவேறவில்லை. அமைத்தோர் முதன்மையாகக் கருதாத வேறு வகையிலேயே அது பயன்பட்டது. இதனை விளங்கிக்கொள்ளச் சில ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லல் வேண்டும்.

கணினியின் உறுப்புகள் தமக்குள்ளே தரவுகளைப் பரிமாறிக்கொள்ளும் கம்பித் தொகுதிக்குப் பாட்டை என்பது பெயர். 1982இல் வெளிவந்த கொமடோர் 64, 1985இல் வெளிவந்த அமிகா ஆகிய இல்லக் கணினிகளிலே, படம் வரையும் சில்லுக்குத் தனியே பாட்டை தேவைப்படவில்லை. அது செயலியின் அருகிலேயே இருந்தது. ஒரு கிணற்றிலே இரு தோட்டக்காரர் முறைவைத்து நீர் இறைப்பதுபோல, செயலியும் அச்சில்லும் ஒரே நினைவகத்தை மாறி மாறிப் பயன்படுத்தின. குறைந்த விலைக்கு நிறைந்த படத்தைத் தரவல்ல அமைப்பு அது. ஆயின் பழைய சில்லைக் கழற்றிப் புதியதை இடுதற்கு அங்கே வழியில்லை. 1981இல் ஐ.பி.எம். கம்பனி வெளியிட்ட கணினி மறுவழியைப் பற்றிற்று. அதிலே படம் வரைதல் கழற்றத்தக்க ஓர் அட்டையின் தொழிலாயிற்று. விரும்பியவர் விரும்பிய அட்டையை வாங்கிச் செருகலாம். இந்த வசதிக்குக் கொடுத்த விலை தூரம். செயலி தீட்டும் புள்ளி ஒவ்வொன்றும் ஏனைய அட்டைகளுக்கும் பொதுவான பாட்டையிலே பயணஞ் செய்தே திரையை அடைதல் வேண்டும்.

தொடக்கத்தில் இத்தூரம் எவரையும் வருத்தவில்லை. திரை என்பது 80 எழுத்துகள் கொண்ட 25 வரிகள். எழுத்தொன்றுக்கு 2 பைற்று வீதம் முழுத்திரையும் 4,000 பைற்றுகளுள் அடங்கிற்று. 1987இல் ஐ.பி.எம். கொணர்ந்த வி.ஜி.ஏ. முறையோ 640க்கு 480 என்னும் அளவிற் புள்ளிகளை 16 நிறங்களிற் காட்டிற்று. அத்தகைய திரையொன்றுக்கு 153,600 பைற்று வேண்டும். பின்வந்த அட்டைகள் அதே அளவில் 256 நிறங்களைக் காட்டியபோது 307,200 பைற்று வேண்டியதாயிற்று. 1990இல் மைக்கிரோசொப்ற் கம்பனியின் விண்டோஸ் 3.0 வெளிவந்த பின்னர், எழுத்துத் திரையில் வேலை செய்த சாதாரண அலுவலரும் நாள்முழுவதும் படத்திரையின் முன்னே அமரலாயினர்.

பாட்டையோ 1984ஆம் ஆண்டினது. ஐ.எஸ்.ஏ. எனப் பின்னர் பெயர்பெற்ற அது 16 பிற்று அகலமுடையது. அதன் கடிகாரம் செக்கனுக்கு 8 மில்லியன் முறை துடிப்பது. ஒரு முறை தரவை மாற்றுதற்கு இரண்டு துடிப்பாவது செல்லும். ஆகவே கணக்கின்படி செக்கனுக்கு 8 மெகாபைற்றுக்கு மேல் அது கொண்டுசெல்லாது. நடைமுறையில் அதனினுங் குறைவே. மேற்கூறிய 256 நிறத் திரையைச் செக்கனுக்கு 30 முறை புதுப்பிக்க 9 மெகாபைற்றுக்கு மேல் வேண்டும். 1989இல் வந்த 80486 செயலி எத்துணை விரைந்து கணித்தாலும், பாட்டையின் வாயிலிலே காத்து நின்றதேயன்றி வேறில்லை.

இதற்குப் பரிகாரம் இரண்டு. ஒன்று, அனுப்பும் பொருளைக் குறைத்தல். 1991இல் எஸ்3 கம்பனி வெளியிட்ட சில்லு இவ்வழியது. ஒரு சாளரத்தை இடம்பெயர்ப்பதற்கு அதன் புள்ளிகள் அனைத்தையும் செயலி அனுப்பத் தேவையில்லை. ‘இவ்விடத்திலுள்ளதை அவ்விடத்துக்கு மாற்றுக’ என்னும் சிறு கட்டளை போதும். எஞ்சிய வேலையை அட்டையிலிருந்த சில்லே முடித்தது. பாட்டை மாறவில்லை, வேலை இடம் மாறிற்று. இந்தச் சிறு செய்தி மனத்திற் கொள்ளத்தக்கது, பின்னருங் காணப்படுவது.

மற்றையது பாட்டையை அகலித்தல். வெசா என்னும் தொழிற்சங்கம் 1992இல் அமைத்த உட்பாட்டை, 80486இன் கம்பிகளையே ஏறத்தாழ நேராக அட்டைவரை நீட்டிற்று. 32 பிற்று அகலமும் 33 மெகாஹேட்ஸ் கடிகாரமும் கொண்டு, செக்கனுக்கு ஏறத்தாழ 133 மெகாபைற்றைக் கணக்களவில் தந்தது. ஆயினும் அது செயலியின் நிழலிலேயே வாழ்ந்தது. கடிகாரம் விரைந்தால் செருகுவாய்களின் தொகையைக் குறைக்க நேர்ந்தது. 1993இல் 64 பிற்று அகலமுடைய பென்ரியம் செயலி வந்ததும் அதன் காலம் முடிந்தது.

அவ்விடத்தைப் பிடித்தது இன்ரெல் கம்பனி 1992இல் அறிவித்து 1993இற் செருகுவாயோடு திருத்தி வெளியிட்ட பி.சி.ஐ. பாட்டை. இதுவும் 32 பிற்று. இதுவும் 33 மெகாஹேட்ஸ். ஆனாற் செயலியைச் சாராது தன் ஒழுங்குப்படியே இயங்குவது. சில ஆண்டுகள் இது தாராளமாகவே போதியதாயிருந்தது. ஆயினும் 133 மெகாபைற்று என்பது ஒருவருக்கு உரியதன்று. வட்டு, ஒலி, வலையமைப்பு, படம் ஆகிய யாவுக்கும் பொதுவானது.

1996ஆம் ஆண்டு முப்பரிமாண விளையாட்டுகளின் ஆண்டு எனலாம். குவேக் என்னும் விளையாட்டு அவ்வாண்டு நடுப்பகுதியில் வெளிவந்தது. 3டி.எப்.எக்ஸ். கம்பனியின் வூடூ அட்டையும் அவ்வாண்டிலேயே வந்தது. முப்பரிமாண உருவம் முக்கோணங்களாலான கூடு. அதன்மேற் சுவராகவும் தோலாகவும் போர்க்கப்படுவது ஒரு சித்திரம். இப்போர்வைச் சித்திரங்கள் பெருகப் பெருக உருவம் மெய்போலத் தோன்றும். அவற்றை வைத்திருக்க நினைவகமும் பெருகல் வேண்டும். வூடூ அட்டையிற் போர்வைச் சித்திரங்களுக்கென இருந்தது 2 மெகாபைற்று மட்டுமே. அட்டையின் நினைவகம் அன்று விலையுயர்ந்த பொருள்.

இன்ரெல் கம்பனியின் எண்ணம் இங்கேதான் தோன்றிற்று. பிரதான நினைவகம் ஒவ்வொரு கணினியிலும் இருப்பது. அட்டைக்கென வேறு நினைவகம் வாங்குதல் ஏன்? போர்வைச் சித்திரங்களைப் பிரதான நினைவகத்திலேயே விட்டு, வேண்டியபோது வேண்டிய பகுதியை மட்டும் அட்டை எட்டிப் படிக்குமாயின், மலிவான அட்டையும் செழுமையான உருவத்தை வரையுமன்றோ? இதற்குப் பி.சி.ஐ. போதாது. ஆகவே 1996 யூலையில் ஏ.ஜி.பி. விதிமுறை வெளியிடப்பட்டது. அதனை ஏற்ற முதற் சில்லுத்தொகுதியாகிய 440எல்.எக்ஸ். 1997 ஓகஸ்ற்றில் வந்தது.

இதன் அமைப்பு நுணுகி நோக்கத்தக்கது. பெயரே பாட்டை என்னாது வாயில் என்றது. பாட்டை பலர்க்கும் பொது. இவ்வாயிலின் இரு முனைகளில் இருவரே உளர்: ஒருபுறம் நினைவகத்தைக் காக்கும் சில்லு, மறுபுறம் வரைவியல் அட்டை. எனவே ‘யார் முந்துவது’ என்னும் வழக்கு எழாது. கடிகாரம் 66 மெகாஹேட்ஸ். 32 பிற்று அகலத்தில் இது செக்கனுக்கு 266 மெகாபைற்று. துடிப்பின் ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஒவ்வொரு முறை தரவை அனுப்பும் இரட்டை முறையில் 533 மெகாபைற்று.

வேகத்தினும் சிறந்தது கேட்கும் முறை. பி.சி.ஐ. பாட்டையில் முகவரியும் தரவும் ஒரே கம்பிகளிற் செல்வன. ஒரு பொருளைக் கேட்டவர் அது வருமட்டுங் காத்திருத்தல் வேண்டும். கடைக்காரர் உள்ளே சென்று ஒரு பொருளை எடுத்து வந்த பின்னரே அடுத்ததைச் சொல்ல அனுமதிக்கும் கடையை ஒத்தது அது. ஏ.ஜி.பி. வாயிலிலே, வேண்டுவன பலவற்றை வரிசையாகச் சொல்லிவிடலாம். விடைகள் பின்னர்த் தொடர்ந்து வரும். அன்றியும், கேள்விகளைச் சொல்லுதற்கெனப் பக்கக் கம்பிகள் எட்டு ஒதுக்கப்பட்டமையால், 32 தரவுக் கம்பிகளும் விடைகளுக்கே உரியவாயின. பிரதான நினைவகத்திலே 4 கிலோபைற்றுத் துண்டுகளாகச் சிதறிக் கிடக்கும் சித்திரத்தை, தொடர்ந்த ஒரே பரப்பாக அட்டைக்குக் காட்டும் முகவரி அட்டவணையும் சேர்ந்தது.

அழகிய ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. குறை வேறிடத்தில் இருந்தது. 440எல்.எக்ஸ். தொகுதியிற் பிரதான நினைவகம் 64 பிற்று அகலத்தில் 66 மெகாஹேட்ஸில் இயங்கிற்று. அதன் முழு வேகமும் செக்கனுக்கு ஏறத்தாழ 533 மெகாபைற்று. இரட்டை முறை வாயிலின் வேகமும் அதுவே! வாயில் முழு அளவில் ஓடுமாயின் செயலிக்கு நினைவகத்தில் ஒரு துளியும் எஞ்சாது. வாய்க்காலை அகலமாக வெட்டியவர்கள் கிணற்றின் ஊற்றை அளந்து பார்த்திலர் போலும். அதே 1997இல் என்விடியா கம்பனி விற்ற றிவா 128 அட்டையோ தன் சொந்த நினைவகத்தைச் செக்கனுக்கு 1,600 மெகாபைற்று வேகத்திற் படித்தது. அன்றியும் 1996இலேயே நினைவகச் சில்லுகளின் விலை பெரிதும் வீழ்ந்துவிட்டது. அட்டையில் நினைவகம் வைத்தல் ஆடம்பரம் என்னும் நிலை, அந்த ஆடம்பரத்தைத் தவிர்க்க அமைந்த வாயில் கடைக்கு வருமுன்னரே மறையத் தொடங்கியது.

இவ்வுண்மையை அதிக விலை கொடுத்துக் கற்றது இன்ரெல் கம்பனியே. 1998 பெப்ரவரியில் அது வெளியிட்ட 740 என்னும் வரைவியற் சில்லு, போர்வைச் சித்திரங்களைப் பிரதான நினைவகத்தில் மட்டுமே வைத்தது. அதன் ஆக்கத்திற் பங்குகொண்டோர் லொக்ஹீட் மாட்டினைச் சார்ந்த றியல்3டி பிரிவினர்; போலிப்பறப்புப் பயிற்சிப் பொறிகளிற் பழகிய வல்லுநர்கள். வல்லுநருங் கொள்கையும் ஒருங்கிருந்தும் அச்சில்லு போட்டியாளரின் சில்லுகளை வெல்லவில்லை. 1999இல் இன்ரெல் தனி வரைவியற் சில்லு வணிகத்தைக் கைவிட்டது. மறுபுறம், 3டி.எப்.எக்ஸ். கம்பனி அதே 1999இல் விற்ற வூடூ 3, ஏ.ஜி.பி. வாயிலிற் செருகப்பட்டும் பிரதான நினைவகத்திலிருந்து போர்வைச் சித்திரங்களை எடுத்து வரையவேயில்லை. அவ்வாயிலை விரைந்த பி.சி.ஐ. எனவே நடத்திற்று. அதனால் அது தன் காலத்து விளையாட்டுகளிற் பின்தங்கிவிடவில்லை.

அவ்வாறாயின் வாயில் வீணாயிற்றோ எனின், அன்று. படத்தின் போக்குவரத்து விலகியதனாற் பி.சி.ஐ. பாட்டையிலே வட்டுக்கும் வலையமைப்புக்கும் இடங்கிடைத்தது. இது விளம்பரங்களிற் பெரிதாகப் பேசப்படாத, ஆயினும் மெய்யான நன்மை. அதனினும் பெரியது 1999 ஒக்ரோபரில் வந்தது. அதுவரை, முக்கோணங்களின் முனைகள் திரையில் எங்கே விழும், அவற்றின்மேல் ஒளி எவ்வாறு படும் என்பவற்றைச் செயலியே கணித்தது. என்விடியாவின் ஜீபோஸ் 256 அக்கணக்கையும் அட்டைக்குள் எடுத்துக்கொண்டது. எஸ்3 சில்லு 1991இற் செய்ததன் மறுபிறப்பே இது: வேலை மீண்டும் இடம் மாறிற்று. இப்பொழுது வாயிலைக் கடந்தவை அட்டையால் மீள மீளப் படிக்கப்படும் போர்வைச் சித்திரங்கள் அல்ல. ஆயிரக்கணக்கான முனைகளின் பட்டியல்களும் கட்டளைகளும். இவை ஒருமுறை ஒரே திசையிற் செல்வன. அத்தகைய சுமைக்குத் தனிப்பாட்டை மிகவும் பொருந்திற்று. செக்கனுக்கு 1,066 மெகாபைற்று தரும் நான்மடங்கு முறை 1998ஆம் ஆண்டின் இரண்டாம் விதிமுறையிலேயே ஆயத்தமாயிருந்தது.

அதன்பின் கதை விரைவாகவே முடிகிறது. 3.3 வோல்ற்றிலிருந்து 1.5க்கும், 2002இல் 0.8க்கும் சைகை அழுத்தம் இறங்கிற்று. பொருந்தாத அட்டை தவறிச் செருகப்படாதிருக்க வெட்டுகள் இடம் மாற்றி வைக்கப்பட்டன. எண்மடங்கு முறை 2,133 மெகாபைற்றைத் தருவதாகப் பெட்டிகளின்மேல் அச்சிடப்பட்டது. நான்மடங்குக்கும் எண்மடங்குக்கும் இடையே அன்றைய விளையாட்டுகளில் வேற்றுமை அரிதாகவே புலப்பட்டது. போதிய அளவு நினைவகமுடைய அட்டைக்கு வாயிலின் அகலம் அத்துணைத் தேவைப்படாமையே காரணம். எண்ணைக் கண்டு வாங்கியவர்கள் பெற்ற பயன் பெரும்பாலும் அட்டையின் பயனேயன்றி வாயிலின் பயனன்று.

வாயிலுக்கு மற்றொரு குறையும் இருந்தது. அட்டையை நோக்கிச் செல்வன விரைந்து சென்றன. அட்டையிலிருந்து மீள்வன மெதுவாகவே வந்தன. 2004 யூனில் இன்ரெல் 915, 925 தொகுதிகளோடு வந்த பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் இக்குறையைத் தீர்த்தது. அது அகன்ற பாட்டை அன்று; ஒடுங்கிய பல ஒழுங்கைகளின் கூட்டம். ஒவ்வோர் ஒழுங்கையும் ஒவ்வொரு திசையிலும் செக்கனுக்கு 250 மெகாபைற்றைக் கொண்டுசென்றது. வரைவியல் அட்டைக்கு 16 ஒழுங்கைகள் அளிக்கப்பட்டன. ஏ.ஜி.பி. கணினிகளை வைத்திருந்தோர்க்காகச் சில ஆண்டுகள் அட்டைகள் தொடர்ந்து விற்கப்பட்டன. அவற்றுட் கடைசியாக வந்தவை பல, பி.சி.ஐ. எக்ஸ்பிரசுக்கென ஆக்கிய சில்லையும், அதன் பேச்சை வாயிலுக்கு மாற்றிச் சொல்லும் இடைச்சில்லொன்றையும் சுமந்து வந்தன.

இன்ரெல் கம்பனியின் பழைய எண்ணம் முற்றாக மடிந்ததென்றுங் கூறல் இயலாது. 740இன் வழிவந்த வரைவியல் உறுப்பை 1999 ஏப்பிரலில் அக்கம்பனி தனது 810 தொகுதிக்குள்ளேயே வைத்தது. அங்கே செருகுவாயும் இல்லை, அட்டையும் இல்லை. செயலியும் வரைவியல் உறுப்பும் பிரதான நினைவகத்தைப் பகிர்ந்துகொண்டன. விலை குறைந்த இல்லக் கணினிகளிலும் மடிக்கணினிகளிலும் இன்றுவரை பெருவழக்காயிருப்பது அம்முறையே. கொமடோர் 64இன் பழைய கிணற்றிலே மீண்டும் இருவர் முறைவைத்து இறைக்கின்றனர்.