சினைத் தாடி ஓணானைப் பேணலும் அதன் முட்டைகளைப் பொரிக்க வைத்தலும்: உத்திரமேரூர் வட்டார வெப்பத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. பொருளும் வரையறையும்

ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நிலத்தைச் சேர்ந்த பல்லியினம் ஒன்றை விற்போரும் வளர்ப்போரும் ‘பியர்டட் டிராகன்’ என்கின்றனர். நாம் ‘தாடி ஓணான்’ என வழங்குவோம். உத்திரமேரூர் வயல் வரப்பில் தலையாட்டும் ஓணானும் இதுவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. உடும்பு இக்கட்டுரையின் எல்லைக்குள் வாராது. அது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதற்பட்டியலில் உள்ளது. அதைப் பிடித்து வீட்டில் வைத்தலே குற்றம்.

தாயின் வயிற்றில் முட்டைகள் ஓடு பெற்று முதிரும் காலத்தைச் ‘சினைக்காலம்’ என்கிறோம். இட்ட முட்டை பொரியும் வரையிலான காலம் ‘கருவளர் காலம்’. முதிர்ந்த முட்டையை இட முடியாமல் தாய் தவிக்கும் நோய்நிலை ‘முட்டைத் தேக்கம்’. ஆண் சேராத பெண்ணும் முட்டையிடுவதுண்டு; அவை கருவுறா முட்டைகள், பொரிக்கா.

2. சினைக்காலத்தின் இரு நிலைகள்

இணைசேர்ந்த ஏறத்தாழ 4 முதல் 6 வாரங்களில் பெண் முட்டையிடும். முதல் நிலையில் பசி கூடும். ஓடு கட்டுவதற்கான சுண்ணாம்புச் சத்து உணவில் குறைந்தால் உடல் அதை எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். கால்கள் நடுங்கும், தசை தளரும், முட்டைத் தேக்கத்துக்கும் அதுவே வழிவிடும். ஆகவே கால்சியப் பொடி தூவிய பூச்சிகளும், வெயில் அல்லது புறஊதா விளக்கும் இந்நிலையில் இன்றியமையாதவை. கண்ணாடிச் சன்னல் வழியாக வரும் வெயில் கணக்கில் சேராது.

இரண்டாம் நிலையில் வயிற்றின் இருபுறமும் கோலிக்குண்டுகள் போல் முட்டைகள் புடைத்துத் தெரியும். பசி அடங்கும். பெட்டியின் மூலைகளைப் பெண் பிறாண்டத் தொடங்கும். அப்போது ஒரு சாண் ஆழத்துக்குக் குறையாத ஈரமண் தொட்டி தர வேண்டும். வெறும் ஆற்றுமணல் தோண்டத் தோண்டச் சரியும். செம்மண் கலந்து, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் பதத்தில் வைத்தல் நன்று. பெண் வளை தோண்டி, உள்ளே திரும்பி முட்டையிட்டு, மண்ணை மூடி மூக்கால் அழுத்தும். மழை நனைத்த மண்ணில் நம் வரப்பு ஓணான் செய்வதும் இதுவே.

இரண்டு நாள் தோண்டியும் இடாமல் சோர்ந்து கிடந்தால் மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். இவ்வட்டாரத்துக் கால்நடை மருந்தகங்களுக்கு வருபவை பெரும்பாலும் மாடும் ஆடும் என்பதால், சென்னை வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியை நாடுவது தக்கது. வயிற்றைப் பிதுக்கி முட்டையை எடுக்க முயலலாகாது. உள்ளே முட்டை உடைந்தால் தாய் பிழைப்பது அரிது.

3. முட்டையின் வகை

பல்லியின முட்டைகளை ஓடு நோக்கி இருவகையாகக் கொள்ளலாம். சுவரிடுக்கில் இரண்டிரண்டாகக் கிடைக்கும் வீட்டுப் பல்லியின் முட்டை ‘சுண்ண ஓட்டு முட்டை’: கடினமானது, மண்ணின் ஈரத்தை நாடாதது. தாடி ஓணானுடையது ‘தோல் ஓட்டு முட்டை’: மெத்தென்றது, சுற்றியுள்ள ஈரத்தை உறிஞ்சி நாளடைவில் பருப்பது. ஈரம் குறைந்தால் குழிவிழும். மிகுந்தால் பூசணம் பிடிக்கும். வெர்மிகுலைட் என்னும் கனிமத் துகளை எடைக்கு எடை நீர் சேர்த்துப் பயன்படுத்துவது வழக்கம். மூடியுள்ள டப்பாவில் அதைப் பரப்பி முட்டைகளைப் பாதியளவு புதைக்கலாம்.

எடுக்கும்போது மேல்புறத்தில் பென்சிலால் புள்ளி வைத்து, அப்புறம் எப்போதும் மேலேயே இருக்குமாறு காக்க வேண்டும். கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு வளர்வதால், கோழிமுட்டையைத் திருப்புவது போல் இதைத் திருப்பினால் கரு சாகக்கூடும்.

4. வெப்பம்

கருவளர்ப்புக்கு உகந்தது ஏறத்தாழ 28 முதல் 30 பாகை செல்சியஸ். இவ்வளவில் 60 முதல் 75 நாள்களில் முட்டை பொரிக்கும். வெப்பம் காலத்தை மட்டுமன்றிப் பாலையும் தொடுகிறது. தாடி ஓணானின் பால் குரோமோசோமால் அமைவது. ஆயினும் சுமார் 32 பாகைக்கு மேல் ஆண் குரோமோசோம் கொண்ட கருக்களும் பெண்ணாக மாறத் தொடங்குகின்றன என்பதை 2007இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் நிறுவினர். சதுப்பு முதலையின் நிலை வேறு. வடநெம்மேலியில் இயங்கும் சென்னை முதலைப் பண்ணையின் முட்டைகளில் நடந்து 1989இல் வெளியான ஆய்வின்படி, 28 முதல் 31 பாகை வரை பெண் மட்டுமே, 32.5 பாகையில் ஆண் மட்டுமே. அங்கே வெப்பமே பாலை முடிவு செய்கிறது. இங்கே குரோமோசோம் முடிவு செய்ததை வெப்பம் மாற்றுகிறது.

வெளிநாட்டு வழிகாட்டிகள் பெரும்பாலும் சூடேற்றும் முறையையே விரித்துரைக்கின்றன. குளிர்நாட்டாருக்கு அது பொருந்தும். உத்திரமேரூரிலோ கத்திரி வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் பிற்பகலில் 35 பாகையைத் தாண்டுவது இயல்பு. நமக்குச் சிக்கல் சூடு தணிப்பதே. தெர்மாகோல் பெட்டியில் நீர் நிரம்பிய பாட்டில்களை அடுக்கி, வடபுற அறையின் தரையில் வைத்தால் ஏற்றத்தாழ்வு குறையும். மின்வெட்டு நேரத்திலும் அந்நீரே வெப்பத்தைத் தாங்கி நிற்கும். பனிக்கட்டி இடுவதை நாம் ஏற்கவில்லை: திடீர் வீழ்ச்சியும் கேடே. கூடிய, குறைந்த அளவுகளைப் பதியும் வெப்பமானி முட்டையின் மட்டத்தில் இருக்க வேண்டும். அறைச்சுவரில் மாட்டியது இதற்கு உதவாது.

5. பொரித்தல்

பொரிப்பதற்கு ஓரிரு நாள் முன் ஓட்டில் வியர்வை போல் நீர்த்துளிகள் அரும்பி முட்டை தொய்யும். குஞ்சு முட்டைப்பல்லால் ஓட்டைக் கீறித் தலைநீட்டி, மீந்த மஞ்சள் கருவை உள்ளிழுக்கும் வரை பல மணி நேரம் அப்படியே கிடக்கும். இழுத்தெடுத்தல் கூடாது.

6. முடிபு

இவ்வட்டாரத்தில் பங்குனி முதல் ஆடி வரை இணைசேர்த்தலைத் தவிர்க்க வேண்டும். புரட்டாசியில் சேர்த்தால் ஐப்பசியில் முட்டை கிடைக்கும், மார்கழி தையில் பொரிக்கும். அம்மாதங்களின் இரவுக் குளிரை வெப்பக்கட்டுப்பாட்டுக் கருவி பொருத்திய சிறு வெப்பப் பாய் ஒன்றே ஈடுசெய்துவிடும். ஓர் ஈட்டில் 20 குஞ்சுகளுக்கு மேலும் வரக்கூடும். அத்தனைக்கும் இடமும் இரையும் இல்லாதவர்கள் ஆணையும் பெண்ணையும் ஒரே பெட்டியில் வைக்கவே வேண்டாம்.