தண்டவாளங்கள் சேரும் புள்ளி

தூரத்தில் ஒரு புள்ளியில் கூடும் தண்டவாளங்களைப் பள்ளி ஓவிய நோட்டிலேயே வரைந்திருப்போம். அந்தப் புள்ளியின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் ஓவியர்களுக்கு முன்பே, பார்வை எப்படி நிகழ்கிறது என்று வாதாடிய அறிஞர்கள் எதிர்ப்படுகிறார்கள்.

கண்ணிலிருந்து கதிர்கள் கிளம்பிப் பொருளைத் தொடுகின்றன என்பது கி.மு. 300 வாக்கில் வாழ்ந்த யூக்ளிடின் கணக்கு. பாஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்ஹைதம், 11ஆம் நூற்றாண்டில் தன் ஒளியியல் நூலில் அதைத் திருப்பிப் போட்டார்: ஒளிதான் பொருளிலிருந்து கண்ணுக்கு வருகிறது. சூரியனை உற்றுப் பார்த்தால் கண் வலிக்கிறதே என்பது அவர் காட்டிய சான்றுகளில் ஒன்று. தூரத்தையும் பருமனையும் மனம்தான் பழக்கத்தால் கணிக்கிறது என்றார். அதே நூலில் அழகையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஒளி, நிறம், தூரம் என்று கண்ணுக்குப் புலப்படும் 22 தன்மைகளை எடுத்துக்கொண்டு, அவை தனித்தும் இசைந்தும் எப்படி அழகைப் பிறப்பிக்கின்றன என்று ஆராய்ந்தார். ஒளியியல் நூலுக்குள் இப்படியோர் அழகியல் இருப்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்புத் தீர்வதில்லை.

1200 வாக்கில் நூல் லத்தீனுக்குப் போனபோது முதல் மூன்று அத்தியாயங்கள் விடுபட்டுப்போயின. எஞ்சியதை ரோஜர் பேக்கன் போன்ற துறவிகள் ஆர்வத்தோடு படித்தார்கள். 14ஆம் நூற்றாண்டில் அது இத்தாலிய மொழிக்கும் வந்தது. ஃபுளோரன்ஸ் சிற்பி கிபெர்ட்டி அதிலிருந்து பக்கம் பக்கமாகத் தன் நூலில் எடுத்தாண்டார். அந்நகர ஞானஸ்நான மண்டபத்தின் வெண்கலக் கதவுக்காக 1401இல் அவரோடு போட்டியிட்டுத் தோற்றவர் புரூனெல்லெஸ்கி. பின்னாளில் அதே மண்டபத்தை, கோடுகள் தூரத்துப் புள்ளியில் கூடும்படி பலகையில் வரைந்து, அதில் துளையிட்டு, பின்பக்கமிருந்து கண்ணாடியில் பார்க்க வைத்து ஊரை அசத்தினார். 1435இல் அறிஞர் ஆல்பர்ட்டி அந்த வித்தையின் விதிகளை எழுதிவைத்தார்.

அப்புறம் பாதிரியார்கள் அந்த வித்தையைச் சீனாவுக்குக் கப்பலேற்றினார்கள். பெய்ஜிங் அரசவையில் ஓவியராக இருந்த இத்தாலியர் காஸ்டிக்லியோனேயிடம் கேட்டறிந்து, சீன அதிகாரி நியன் ஷியாவ் 1729இல் சீன மொழியில் ஒரு பாடநூலே வெளியிட்டார். சூசோ நகர அச்சுப்படங்கள் அந்தப் பாணியை ஜப்பான்வரை கொண்டுபோயின. அங்கே ஓவியர் உட்டகாவா தொயோஹாரு ஓர் ஐரோப்பிய அச்சுப்படத்திலிருந்து வெனிஸ் கால்வாயை நகலெடுத்து, அதை டச்சுத் துறைமுகம் என்று தலைப்பிட்டார். அன்றைய ஜப்பானியருக்குத் தெரிந்த ஐரோப்பிய வணிகர்கள் டச்சுக்காரர்கள்தாமே! நகல் என்று அதைத் தள்ளிவிட முடியாது. அவர் தொடங்கிய பள்ளியின் வழியில்தான் அச்சுப்பட ஓவியர் ஹிரோஷிகே வந்தார்.

1887இல் பாரிஸில் வான்கோ, ஹிரோஷிகேயின் மழைப் பாலத்தை எண்ணெய் வண்ணத்தில் நகலெடுத்தார். ஓரத்தை நிரப்ப வேறு அச்சுப்படங்களிலிருந்து ஜப்பானிய எழுத்துகளை, படிக்கத் தெரியாமலேயே, பார்த்து எழுதிக்கொண்டார்.