விசிறியைக் கண்டு அழுத மனிசன்

பாஹியனைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் நாங்கள் படித்தது இரண்டே இரண்டு விசயம்தான். சீனாவிலிருந்து வந்த பிக்கு. அபயகிரி விகாரையில் 5,000 பிக்குகள் இருந்ததாக எழுதி வைத்தவர். பரீட்சைக்கு அது காணும். கம்பஸுக்கு வந்த பிறகு, ஜேம்ஸ் லெக் 1886இல் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பை லைப்ரரியில் எடுத்து வாசிக்கேக்கதான் தெரிந்தது, இந்த மனிசன் அநுராதபுரத்தில் நிண்டு அழுதிருக்கிறார் எண்டு. அதுவும் ஒரு விசிறியைக் கண்டு.

செட்டிகுளத்தில் இருந்து அநுராதபுரம் அப்படியொண்டும் தூரமில்லை. ரெயிலில் ஏறி மதவாச்சிச் சந்தியில் மாறினால் சரி. அநுராதபுரத்தைத் தொட்டு வருகிற மல்வத்து ஓயாதான் எங்கட பக்கம் வந்ததும் அருவியாறு எண்ட பேரோட மன்னார்க் கடலுக்குப் போகுது. அதனால் பாஹியனின் கதையை ஏதோ வேற தேசத்துக் கதையாக என்னால் வாசிக்க முடியவில்லை.

கி.பி. 399இல் சாங்ஆனிலிருந்து புறப்பட்டபோது அவர் தனி ஆள் இல்லை. கூட வேறு பிக்குகளும் வந்தார்கள். இந்தியாவில் கிடைக்கும் விநய நூல்களைத் தேடி எடுத்துக்கொண்டு போவதுதான் நோக்கம். வழியில் சிலர் திரும்பிப் போனார்கள். ஒருவர் பனிமலையில் இவர் கண்ணுக்கு முன்னாலேயே செத்துப்போனார். கடைசிவரை கூட வந்த தாவோ செங், பாடலிபுத்திரத்துப் பிக்குகளின் ஒழுங்கைப் பார்த்து, இனி நான் ஊருக்கு வரமாட்டேன் எண்டு அங்கேயே தங்கிவிட்டார். தாம்ரலிப்தியில் வணிகக் கப்பல் ஏறி, 14 நாள் கடலில் வந்து, ஏறத்தாழ 410இல் இலங்கையில் இறங்கும்போது பாஹியன் ஒற்றை ஆள். அவருக்கு இந்தத் தீவு ஒரு இடைத்தரிப்பு, அவ்வளவுதான். இங்கே நூல்களைத் தேடிக்கொண்டு, ஊருக்குக் கப்பல் பிடித்துப் போகவேணும். அந்த இடைத்தரிப்பு இரண்டு வருசமாக நீண்டது.

அந்த இரண்டு வருசத்தில் அவர் யாரோடு கதைத்தார்? வீதிகளையும் தந்ததாதுப் பெருவிழாவையும் ஒரு பிக்குவின் தகனத்தையும் விவரமாக எழுதுகிறார். வெளிநாட்டு வணிகரின் வீடுகள் வெகு அழகானவை என்கிறார். ஆனால் ஒரு நண்பரின் பேர்கூட இல்லை. இலங்கையைப் பற்றிய பகுதியின் தொடக்கத்திலேயே அவர் சொல்லும் ஒரு பழைய கதை இருக்கிறது. ஆதியில் இந்தத் தீவில் மனிசர் இல்லையாம், பேய்களும் நாகரும்தானாம். வியாபாரிகள் வந்தால் பேய்கள் முகம் காட்டாது. பொருளை வைத்து விலையை மட்டும் குறித்துவிட்டுப் போய்விடும். வியாபாரி விலையைக் கொடுத்துப் பொருளை எடுத்துக்கொண்டு போவான். முகம் பார்க்காமலே நடந்த வியாபாரம். இந்தக் கதையை எத்தனையோ பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். தனித்துக் கிடந்த ஒரு ஆளுக்கு அது ஏன் மனதில் நிண்டிருக்கும் எண்டுதான் நான் யோசிக்கிறன்.

இனி விசிறி. ஊரை விட்டு வந்து எத்தனையோ வருசம், பழகினவர்கள் எல்லாம் பிற தேசத்தார், கண்ணில் படுகிற மலையும் ஆறும் செடியும் முன்பின் அறியாதவை, கூட வந்தவர்கள் செத்தும் பிரிந்தும் போனார்கள், திரும்பிப் பார்த்தால் தன் நிழல் மட்டும்தான் — இந்த நிலையை அவரே எழுதுகிறார். அபயகிரியில் பச்சைக்கல்லில் செய்த ஒரு பெரிய புத்தர் சிலை. அதன் பக்கத்தில் ஒரு வணிகர் காணிக்கை வைக்கிறார். சீனத்தின் ஜின் நாட்டில் செய்த வெள்ளைப் பட்டு விசிறி. கண் நிறைந்துவிட்டது.

அநேகமான ஆக்கள் இதை, பாஹியன் இலங்கையில் ஒரு சீன வணிகரைச் சந்தித்தார் எண்டு சுருக்கிச் சொல்லிவிடுவார்கள். ஆனால் அவர் எழுதினது அப்படி இல்லை. விசிறிதான் சீனத்தது. வணிகர் எந்த ஊர் எண்டு ஒரு சொல்லும் இல்லை. அரபு வணிகராக இருக்கலாம். மாதோட்டத்தில் சாமான் இறக்கி, அருவியாற்றுப் பக்கமாக வண்டி கட்டிக்கொண்டு வந்த ஒரு செட்டியாகக்கூட இருக்கலாம். (நான் செட்டிகுளத்துக்காரி, எனக்கு அப்படி நினைக்க ஆசை. ஆதாரம் கேட்காதேங்கோ.) இரண்டு பேரும் கதைத்ததாகவும் இல்லை. அந்த வணிகர் விசிறியை வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பார். பக்கத்தில் ஒரு கிழட்டுப் பிக்கு ஏன் அழுதார் எண்டு அவருக்குத் தெரிந்திருக்கவே வேண்டியதில்லை.

உண்மையான சிநேகிதம் இங்கே கிடைக்கவில்லை, அடுத்த தீவில்தான் கிடைத்தது. சீனத்தில் இல்லாத நூல்கள் சிலதை இங்கே பெற்றுக்கொண்டு, 200 பேருக்கு மேல் ஏறின ஒரு பெரிய கப்பலில் பாஹியன் புறப்பட்டார். சில நாளில் புயல். கப்பலில் ஓட்டை. வணிகர்கள் பாரமான சாமான்களைக் கடலில் எறிய, இவரும் தன் செம்பையும் கிண்ணத்தையும் எறிந்தார். புத்தகங்களையும் பிடுங்கி எறிந்துவிடுவார்களோ எண்ட பயம்தான் பெரிசு. 90 நாள் கழித்து யேபோதி எண்ட இடத்தில் கரை சேர்ந்தார். அது யாவாவா போர்னியோவா எண்டு இன்னும் வாதம் நடக்குது. அங்கே 5 மாதம் காத்திருந்து, 50 நாள் சாப்பாட்டோட இன்னொரு கப்பலில் ஏறினார்.

ஒரு மாதம் கடந்து திரும்பவும் கறுத்த காற்றும் மழையும். விடிந்ததும் கப்பலில் இருந்த பிராமணர்கள் கூடிக் கதைத்தார்கள். இந்தப் பிக்குவை ஏற்றினதால்தான் எங்களுக்கு இந்தக் கேடு, ஒரு ஆளுக்காக எல்லாரும் சாக ஏலாது, ஏதாவது தீவுக் கரையில் இறக்கி விடுவம். அப்போது ஒரு ஆள் எழும்பினார். பாஹியன் அவரைத் தன் தானபதி எண்டு மட்டும் குறிக்கிறார். அந்த ஆள் சொன்னது இதுதான்: இவரை இறக்கினால் என்னையும் சேர்த்து இறக்குங்கள், இல்லாவிட்டால் என்னைக் கொல்லுங்கள். இறக்கிவிட்டு நீங்கள் சீனாவுக்குப் போனால் அரசனிடம் சொல்லுவேன், அவனும் புத்த சமயத்தை மதிக்கிறவன். வணிகர்கள் தயங்கி, பேசாமல் விட்டுவிட்டார்கள்.

எனக்கு இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைக்கவேண்டி வந்தது. பிக்குவுக்குச் சாப்பாடு கொடுத்துப் பராமரிக்கிற ஆள்தான் தானபதி. யேபோதியில் பழகினவரா, கப்பலில்தான் பழகினவரா எண்டு பாஹியன் எழுதவில்லை. எப்படியிருந்தாலும் சில மாதப் பழக்கம். அதுக்காக இருநூறு பேருக்கு முன்னால் எழும்பி நிண்டு, என்னையும் இறக்குங்கோ எண்டு சொல்லுவதெண்டால்! பாஹியனை இண்டைக்கு நாங்கள் வாசிக்கிறதே அந்த ஆளால்தான். அந்தப் புத்தகம், அபயகிரியின் 5,000 பிக்குகள், எங்கட பரீட்சைக் கேள்வி எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் தொங்கிக்கொண்டு இருந்திருக்கு. அவருக்குப் பேர் இல்லை. 412இல் ஷான்டொங் பக்கம் லாவோஷான் கரையில் ஒதுங்கி, தெரிந்த கீரையைக் கண்டு இது எங்கட நாடுதான் எண்டு பாஹியன் அறிந்துகொள்கிறார். அங்கிருந்த ஆட்சியாளரின் பேரைக்கூட எழுதுகிறார், லி யி. வணிகர்கள் யாங்சோ பக்கம் திரும்பிப் போனார்கள் எண்டு ஒரு வரி. தானபதி பிறகு வரவில்லை.

இப்னு பதூதா இதுக்கு நேர் எதிர் ஆள், அழுகிற சாதி இல்லை. 1344இல் மாலைதீவிலிருந்து மாபருக்குப் போகும் வழியில் காற்று அவரைப் புத்தளத்தில் தள்ளியது. ஆரியச்சக்கரவர்த்தி கடலில் கொள்ளையடிக்கிறவன் எண்டு கப்பல்காரர் பயந்தார்கள். இவர் நேரே போய், நான் மாபர் சுல்தானின் சொந்தக்காரன் எண்டார். அரசனுக்குப் பாரசீகம் விளங்கும். மூன்று நாள் கதை. அரசனுக்கு முன்னால் முத்து தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். இப்படி முத்து வேறெங்காவது கண்டீரா எண்டு கேட்க, இல்லை எண்டு சொல்லி அந்த முத்துகளையே பரிசாக வாங்கிக்கொண்டார். கெட்டிக்காரன். பிறகு பாவாத மலைக்கு, அதுதான் எங்கட சிவனொளிபாதமலைக்குப் போக, பல்லக்கும், வருசாவருசம் போய்வருகிற நான்கு யோகிகளும், மூன்று பிராமணரும், பத்துத் தோழர்களும், சாப்பாடு சுமக்கப் பதினைந்து பேரும் கொடுத்தான் அரசன். காட்டு வழியில் அத்தனை நாள் கூட நடந்த யோகிகளில் ஒருவரின் பேர்கூட எங்களுக்கு வந்து சேரவில்லை. இத்தனைக்கும் இப்னு பதூதா பேர் எழுதுவதில் கஞ்சன் இல்லை. பதவியும் பட்டமும் இருந்தால் எழுதியிருப்பார்.

எங்கட ஊரும் கனகாலம் ஆக்கள் கடந்துபோகிற ஊர்தான். 1914இலிருந்து தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடியது. கப்பலால் இறங்கினவர்களை ஏற்றின ரெயில் செட்டிகுளத்தால்தான் போனது. 1964 புயல் தனுஷ்கோடியை அழித்தது. பிறகு யுத்தத்தில் 1990இல் ரெயிலும் நிண்டது. திரும்ப மடு றோட் வரை 2013இல், தலைமன்னார் வரை 2015இல் ஓடத் தொடங்கியது. இப்ப பெரிய பையோட தனியே வருகிற வெள்ளைக்காரப் பிள்ளைகள் யன்னலால் எட்டிப் பார்க்கிறதைக் காணலாம்.

ஆனால் வெளியில் செட்டிகுளம் எண்டால் மெனிக் பாம்தான். 2009இல் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட சனம் அடைபட்டு இருந்த இடம், 2012 செப்டெம்பரில் மூடினது. அம்மாவும் நானும் அதுக்குள்ள இருந்தனாங்கள். எனக்கு ஆறு வயசு, காய்ச்சல். தண்ணி எடுக்கிற வரிசையில் அம்மாவுக்கு ஒரு அக்கா பழக்கம். அவவுக்கு ஒருத்தரும் இல்லை, தனி ஆள். இரண்டு கிழமை அவதான் எங்களுக்கும் சேர்த்துத் தண்ணிக்கு நிண்டவ. வரிசையில் எங்கட கானைத் தூக்கி அங்கால வைத்தவனோட சண்டை பிடித்தவவாம். அம்மா இண்டைக்கும் அவவை "பைப் அக்கா" எண்டுதான் சொல்லுறா.

பாஹியனை வாசித்து முடித்த கிழமை வீட்ட போனபோது அம்மாவிடம் கேட்டேன், அந்த அக்காவின்ர பேர் என்ன எண்டு. அம்மா அரிசி புடைத்துக்கொண்டு இருந்தா. கொஞ்ச நேரம் யோசித்தா. "சொன்னவதான்" எண்டா. "முள்ளியவளைப் பக்கம். பஸ்ஸில ஏத்தேக்க மஞ்சள் கானை எங்களிட்ட விட்டிட்டுப் போனவ." கான் இப்பவும் கிணத்தடியில் இருக்கு, அடி வெடித்துப்போச்சு.